கேட்டுக்குக் கீழே ஓர் ஆம்புலன்ஸ்

ரெஜினா அமைத்த பொம்மை ரயில்பாதையில், ரயில்வே கேட்டின் அடியில் நின்ற ஆம்புலன்ஸ் மட்டும் பூதாகரமாக இருந்தது. கண்காட்சி தொடங்கும் நேரத்தில் சங்கச் செயலாளர் தணிகாசலம் அதைப் பார்த்துவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மையை எடுத்து வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அதன் தொப்பி கதவுக் கைப்பிடி வரைக்கும்தான் வந்தது.

"என்ன மேடம், இவரு ஏணி போட்டுத்தான் இதுல ஏறணும் போல?"

"ஏறட்டும் சார்."

"விளையாடாதீங்க. ரயிலு நிஜத்துல எண்பத்தேழுல ஒரு பங்கு, இது நாப்பத்துமூணுல ஒரு பங்கு. ரெண்டு மடங்கு பெருசு! போட்டியிலேர்ந்தே தூக்கிடுவாங்க. சரியான அளவுல கிடைக்கலையா?"

"கிடைச்சுது. அந்த டப்பாவுல கிடக்கு. அதை வச்சா கேட்டு கச்சிதமா மூடிக்குது சார். எங்கக்காவ ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுப் போனப்ப மூடுச்சே, அதே மாதிரி."

தணிகாசலம் பொம்மையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ரயில் வளைவைத் தாண்டி வந்தது. கேட்டுக்கட்டை இறங்கி, ஆம்புலன்ஸின் கூரையில் இடித்துப் பாதியில் நின்றது. கேட் முழுதாக மூடினால்தான் தண்டவாளத்தில் மின்சாரம் பாயும். அப்படித்தான் அவள் கம்பி இழுத்திருந்தாள். ரயில் நின்றுவிட்டது.

"நடுவருங்க வர்றாங்க மேடம். எடுத்துருங்க."

"வேணும்னா என்னையப் போட்டியிலேர்ந்து தூக்கச் சொல்லுங்க. வண்டிய எடுக்க மாட்டேன்."

நடுவர் குனிந்து பார்த்தார். "ஏம்மா, ரயில் ஏன் நிக்குது?"

"ஆம்புலன்ஸ் போகணும்ல," என்றாள் ரெஜினா.