கத்தரிப்பூ நிறச் சுவர்

கிட்ட வந்து இருங்கள், செல்லங்களே. ஒருத்தி தீவுக்குப் போன கதை சொல்கிறேன். பாதியில் எழும்பிப் போகக் கூடாது.

“இதென்ன அண்ணே, பெருநாளைக்கு உடுத்திவிட்ட மாதிரி ஊடெல்லாம் நிறம் நிறமா நிக்கிது?”

களப்பு நீரின் நடுவே தீவு தெரிந்ததும் ஸுல்பிகா கேட்டாள். சாய்ந்தமருதிலிருந்து பன்பாய் வாங்க வந்திருந்தாள். அந்தத் தீவுப் பெண்கள் பன்புல்லைச் சாயத்தில் தோய்த்து இழைக்கும் பாய்க்குக் கல்முனைச் சந்தையில் நல்ல பேர். அடுத்த கிழமை, இறந்துபோன அவளுடைய ஒரே மகன் அஸ்பாக்கின் பேரில் குர்ஆன் ஓதும் கத்தம். ஓத வருகிறவர்களைப் புதுப் பாயில் இருத்த வேண்டும் என்று ஆசை. ஏதோ ஒரு கோபத்தில் வீட்டை விட்டுப் போனவன் அவன். அந்தக் கோபம் ஆறுவதற்குள் கடல் அவனை எடுத்துக்கொண்டது. வள்ளம் மட்டும் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அவன் பேரை அந்த வீட்டில் ஒருவரும் சத்தமாகச் சொல்வதில்லை.

தோணிக்காரர், பாண்டிருப்புச் சீனித்தம்பி, சிரித்தார்.

“அது அழகுக்கு அடிச்சதில்ல தங்கச்சி. எந்த வள்ளம் எந்த வீட்டுக்குச் சோறு போடுதோ, அந்த வள்ளத்துட நிறத்தத்தான் சுவருக்கும் அடிப்பாங்க. வள்ளம் தூரத்தில வரக்கொள்ளயே அடுப்ப மூட்டிருவாளுகள்.”

“அப்ப எந்த ஊட்டுல மீன் இருக்கெண்டு கள்ளனுக்கும் தெரிஞ்சு போகுமே!”

“கள்ளனுக்கு மட்டுமா? மாமியாருக்கும்தான்!”

ஸுல்பிகா வாய்விட்டுச் சிரித்தாள். தோணி கண்டல் மரங்களைச் சுற்றித் திரும்பியது. சிரிப்பு நின்றுவிட்டது.

கரையின் கடைசி வீடு. கத்தரிப்பூ நிறச் சுவர். நடுவில் எலுமிச்சை மஞ்சளில் ஒரு கோடு.

அந்த நிறத்தில் அந்தக் கரையெங்கும் ஒரே ஒரு வள்ளம்தான் உண்டு. இப்போது அதை ஓட்டுவது அவள் புருசன் மீராமுகைதீன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் “வலை பார்க்கப் போறன் புள்ள” என்று கிளம்பிப் போவார். வெள்ளியில் ஒருவரும் கடலில் இறங்காத ஊரில், என்ன வலை? இவ்வளவு நாளும் கேட்கத் தோன்றவில்லையே அவளுக்கு.

“அண்ணே... அந்த ஊட்டுல ஆரு?”

“ஒரு சின்னப் பொம்புள. றுஸ்தா எண்டு பேரு. நல்லாப் பாய் இழைப்பா.” சீனித்தம்பி தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். “அதுக்கு மேல நான் ஒண்டும் கதைக்க மாட்டன் தங்கச்சி.”

அந்தக் கடைசி வீட்டு வாசலில் பாய் இழைத்துக்கொண்டிருந்தவள், தோணியை விட்டு இறங்கி வந்த இவளைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பினாள்.

“வாங்க. நீங்க ஒருநாளைக்கு வருவீங்கெண்டு தெரியும். இவ்வளவு சுணங்குமெண்டுதான் நினைக்கல்ல.”

“என்ன ஒனக்குத் தெரியுமா?”

“போட்டோவில பார்த்திருக்கன்.”

என் படத்தை இவளிடமே காட்டியிருக்கிறாரா! ஸுல்பிகா சுவரைக் காட்டினாள்.

“இந்தச் சுவருக்குப் பெயின்ட் எங்கால?”

“உங்கட ஊட்டால வந்ததுதான். அரிசியும் அப்படித்தான், வெள்ளிக்கு வெள்ளி வரும். நீங்கதான் குடுத்து அனுப்புறீங்களாம்.”

“நானா? நானா அனுப்புறன்?” ஸுல்பிகா கத்தினாள். “என்ட ஊட்டுச் சோத்த எடுத்து, என்ட பேரையும் சொல்லி... வெக்கமா இல்லயா புள்ள ஒனக்கு?”

“என்னத்துக்கு வெக்கம்? பள்ளிவாசல்ல காவின் எழுதி நடந்த கலியாணம்.”

“கலியாணமா? யா அல்லாஹ்!” ஸுல்பிகா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். “புள்ளயும் இருக்கா?”

“ஓம். ஒரு மகன்.”

ஸுல்பிகா அங்கே சுருட்டி வைத்திருந்த பாய்க்கட்டின் மேலேயே இருந்துவிட்டாள். இனி எந்த முகத்தோடு அந்த மனிதனோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது? ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது, கேட்டுவிட்டாள்.

“பேரு?”

றுஸ்தா வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டாள்.

“அஸ்பாக்! ஓடி வா மகன்! உன்ட உம்மாவ, எந்த ஊரெண்டுகூடக் கேளாம, மருமகளா வேணாமெண்டு சொன்னாவே, உன்ட வாப்பாட உம்மா, அவ வந்திருக்கா!”

உங்கள் வாசலைத் தேடி வரும் சின்னக் கால்கள் ஒருநாளும் வேறு கரையில் தங்கிவிடாமல் இருக்கட்டும், செல்லங்களே. உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும்.