சொல்லி அனுப்புகிறோம்

'வீ வில் கெட் பேக் டு யூ' சொல்லி அனுப்பிவிடு என்றார் மேனேஜர், அறைக்குள் இருந்தபடியே.

செம்மேட்டில் மிளகு வாங்கும் எங்கள் கம்பெனியில் 'இல்லை' என்ற சொல்லே கிடையாது. அதற்குப் பதிலாக என்னென்ன இங்கிலீஷ் சொல்ல வேண்டும் என்று சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொடுத்தார்கள். 'லுக் இன்ட்டு இட்' என்றால் பார்க்க மாட்டோம். 'கீப் யூ போஸ்டட்' என்றால் ஒரு தகவலும் வராது.

'கெட் பேக் டு யூ' வந்தபோது மட்டும், மேனேஜர் விளக்குவதற்கு முன்பே நான் அர்த்தம் சொல்லிவிட்டேன். பிளஸ் டூ படித்தவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவருக்கு ஒரே ஆச்சரியம்.

வெளியே பெஞ்சில் சாக்கு வியாபாரி செங்கோடன் உட்கார்ந்திருந்தார். சேந்தமங்கலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி மூன்றாவது தடவையாக வந்திருக்கிறார். முகம் வெளுத்திருந்தது. இந்த ஆர்டர் வந்தால்தான் கடை நிற்கும் என்று போன தடவையே சொன்னார். என்னை மேடம் என்று கூப்பிடுகிறார்.

காத்திருக்கிறவர் பாடு எனக்குத் தெரியும். வராது என்று தெரிந்த பிறகும் பஸ் சத்தம் கேட்டால் பாழாய்ப்போன மனசு வாசலுக்கு ஓடும்.

காப்பி போட்டேன். வீட்டில் ஒரு டம்ளருக்கு மேல் போடுவதில்லை. அம்மா போன பிறகு குடிக்க வேறு ஆள் ஏது?

டம்ளரைக் கொடுத்துவிட்டு, மேனேஜர் காதில் விழாமல், ஆர்டர் வேறொருவருக்குப் போய்விட்டது, இனி இதற்காக மலை ஏற வேண்டாம் என்று சொன்னேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. ஒரு மடக்குக் குடித்தவர் டம்ளருக்குள் பார்த்தார். கடுங்காப்பி.

"எனக்குப் பால் ஆகாதுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

அவருடைய அம்மாதான். நான்கு வருடத்துக்கு முன்னால், எங்கள் வீட்டில், என்னைப் பெண் பார்க்க வந்த அன்று. கொண்டுபோன காப்பியைத் திருப்பி எடுத்துப்போய் வேறு போட்டு வந்தேன். அப்போதும் இவர் என் முகத்தைப் பார்க்காமல்தான் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

காலி டம்ளருக்குக் கை நீட்டினேன்.

"ஊருக்குப் போங்க. சொல்லி உடறேனுங்க."