கெட்டி மண்

"கல்லைப் பிடுங்கி அந்தப் பக்கம் போடு. பத்து மணிக்குள்ள குழி தயாரா இருக்கணும்."

"அந்தம்மா வருவாங்கண்ணே. போன வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேன், மேல இன்னொருத்தரை வைக்கப் போறோம்னு."

"உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்டா."

கல்லறை இடத் தரகர் கோசிம் வறுத்த வாழைப்பழத்தைக் கடித்தார். எண்ணெய் மணிக்கட்டில் வழிந்தது. பக்கத்திலிருந்த யாருடைய தலைமாட்டு மீசான் கல்லிலோ கையைத் துடைத்துக்கொண்டார்.

குழி வெட்டும் சானிப் கல்லை ஆட்டிப் பிடுங்கினான்.

ஜகார்த்தாவில் நிற்கவே இடமில்லை. படுக்க எங்கே இருக்கும்? மதிலுக்கு அப்பால் உயிருள்ளவர்கள் மாடிமேல் மாடியாக ஏறிக்கொண்டிருந்தார்கள். மதிலுக்கு இப்பால், மூன்று வருடம் யாரும் பணம் கட்டிப் புதுப்பிக்காத கபரில், பழைய சடலத்தின் மேலேயே இன்னொரு ஜனாஸாவை இறக்கினார்கள். பிடுங்கிய பழைய கல், கொட்டகைக்குப் பின்னால் போய் விழும்.

அந்தம்மா, ரொஹானா, வெள்ளத்தில் வீட்டை இழந்து, நகரத்தின் விளிம்புக்குப் போய், நான்கு வருடம் கழித்துத்தான் திரும்பி வந்தாள். கணவர் மர்ஸுகியின் கல்லை வரிசை வரிசையாகத் தேடி இங்கே கண்டாள்.

"கிழவிக்கு இடமே மறந்து போச்சு பாரேன்" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்றிலிருந்து வெள்ளிதோறும் கல்லுக்குப் பூவும் தண்ணீரும். சானிப்புக்கு வாழையிலையில் தேங்காய்ச் சோறு. அவனும் தின்றான்.

இன்றும் வந்துவிட்டாள். கோசிமின் குரலில் தேன் வழிந்தது.

"வாங்கம்மா. உங்க வீட்டுக்காரர் கீழ் வீடு, வர்றவர் மாடி வீடு. பேச்சுத்துணை ஆச்சு!"

அவள் குழியோரம் குந்தினாள். விழுகிற மண்ணை ஒவ்வொரு வெட்டுக்கும் உற்றுப் பார்த்தாள்.

மேல் மண் பொலபொலவென்று வந்தது. அதற்குக் கீழே மண்வெட்டி திருப்பி அடித்தது. ஒருமுறை வெட்டிய மண் பிறகு எத்தனை வருடமானாலும் இளகியே கிடக்கும். இது இளகவில்லை.

"ரொம்பக் கெட்டியா இருக்கேப்பா?"

கெட்டியாகத்தான் இருக்கும். இங்கே யாரையும் புதைத்ததே இல்லை. வசதியான குடும்பம் சிக்கும்வரை காலி இடத்தை இப்படித்தான் கோசிம் மறைத்து வைப்பார். மண்ணைக் குவித்துப் புல் நட்டவன் சானிப். கொட்டகைக்குப் பின்னால் கைக்கு அகப்பட்ட ஒரு கல்லைத் தூக்கி வந்து ஊன்றியவனும் அவன்தான். அது மர்ஸுகியின் கல். அவர் எந்த வரிசையில், யாருக்குக் கீழே கிடக்கிறாரோ.

அவள் தந்த சோற்றைத் தின்ற கை. தன் கையையே அவனால் பார்க்க முடியவில்லை.

ரொஹானா பையிலிருந்து, துவைத்து மடித்த வெள்ளைத் துணியை எடுத்துக் குழிக்குள் நீட்டினாள்.

"எலும்பு வந்தா இதுல சுத்தி ஓரமா வெச்சுடுப்பா. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை, என் கையில கொடேன்."