இடம் காலியில்லை

‘இடம் காலியில்லை’ என்று திரை மறுபடியும் சொன்னபோது மிளகாய் வெடித்தாள்.

“யாரு பிடிச்சு வச்சிருக்கீங்க? மனசாட்சி இருந்தா மூடுங்க!”

ஆய்வுக்கூடத்தில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

மிளகாய் என்பது அங்கே அவளுக்கு வைத்த பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இப்போது நேராகவே கூப்பிடுகிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

நிலத்தடியில் கழிவுநீர் எந்தப் பக்கம் நகரும் என்று கணக்குப் போட்டு வரைபடமாகத் தரும் மென்பொருளைத்தான் அவள் திறக்கப் பார்த்தாள். விலையைச் சொன்னால் துறைத்தலைவரே ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார். வசதியில்லாத ஆய்வாளர்களுக்கு என்று அந்த நிறுவனம் கொடுக்கிற உதவியில் ஓராண்டுக்குச் சும்மா கிடைத்தது.

கிடைத்தது ஒரே ஓர் இடம். ஒருவர் திறந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். வேலை முடிந்தால் மூடிவிட வேண்டும். கூடத்தில் இருந்த ஒரே சட்டம் அதுதான். அதைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவளும் மிளகாய்தான்.

அந்த ஓராண்டு இன்று மாலையோடு முடிகிறது.

ஆய்வேட்டில் அவளுக்குக் கடைசிப் படம் பாக்கி. எழுந்ததே தாமதம். கையில் கிடைத்ததையெல்லாம் பையில் திணித்துக்கொண்டு, படிகளில் தாவி ஏறி வந்து, பையைக்கூட இறக்காமல் நின்றபடியே கூடத்துக் கணினியைத் தட்டிக்கொண்டிருந்தாள். முதுகு கொதித்தது.

ஜன்னலோரத்தில் டீச்சரக்கா தன் மடிக்கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்பவர். அவர் பள்ளிக்குப் பின்னால் தொழிற்சாலை வந்துவிட்டது. பிள்ளைகள் குடிக்கிற கிணறுவரை அதன் கழிவு வந்து சேருமா? அந்த ஒரு வரைபடத்துக்காக அரைநாள் விடுப்புப் போட்டு வந்திருந்தார்.

“நானும் வந்ததுலேருந்து அதையேதான்மா பாக்கறேன். திறக்கவே மாட்டேங்குது.”

“நடிக்காதீங்கக்கா. இன்னிக்கு இதுக்காக வந்து உக்காந்திருக்கறது நீங்க மட்டுந்தான். வேற யாரு, பேயா பிடிச்சு வச்சிருக்கும்?”

டீச்சரக்கா எழுந்து வந்தார். சமாதானம் செய்கிறவர்போல அவள் முதுகில் கை வைத்தார். கை பையின் மேல் பட்டது. ஒரு கணம் அங்கேயே நின்றது.

“மொதல்ல அந்தப் பையை இறக்கி வைம்மா.”

“பையை இறக்கினா இடம் வந்துருமா?”

எதிர்மேசைக்காரன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளை இன்னும் ஏற்றிவிட்டது.

“கொஞ்சம் வெளியில வாயேன். ஒரு நிமிஷம்.” டீச்சரக்காவின் குரல் காதுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இறங்கியிருந்தது.

“எதுக்கு? எதுனாலும் இங்கயே சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

டீச்சரக்கா சொல்லவில்லை. அது போதும் அவளுக்கு.

“மாசம் பொறந்தா சம்பளம் வாங்கறவங்க நீங்க. எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளு நான். இது எங்களை மாதிரி வசதியில்லாதவங்களுக்குக் குடுத்தது. உங்களுக்கு எதுக்குக்கா? பிச்சைக்காரத் தட்டுல கைய விட்டு அள்றீங்களே, வெக்கமா இல்ல?”



டீச்சரக்கா சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கினார்.

“சரிம்மா. நீ முடிச்சுக்க.”

மடிக்கணினியை மூடினார். குடையை எடுத்தார். போய்விட்டார்.

ஜெயித்தவளைப்போல மிளகாய் நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவில் பை நசுங்கியது. சுட்டது. உள்ளேயிருந்து மெல்லிய இரைச்சல், வண்டு பறக்கிற மாதிரி.

கோபம் இப்படி இரையாது.

பையை முன்னால் இழுத்து ஜிப்பைத் திறந்தாள். அவளுடைய மடிக்கணினி அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி இருந்தது. நேற்று விடுதியில் கணக்கை ஓடவிட்டுத் தூங்கிப்போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாதியில் நின்றுவிடக் கூடாது என்று, மூடி வைத்தாலும் அணையாதபடி அவளே மாற்றி வைத்திருந்தாள். இந்த வளாகத்தில் எங்கே போனாலும் அதற்கு இணைய இணைப்பு தானாகவே கிடைத்துவிடும்.

மூடியைக் கை நுழையும் அளவுக்கு உயர்த்தினாள். கணக்கு எப்போதோ முடிந்திருந்தது. மென்பொருள் மட்டும் ஆடாமல் அசையாமல் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மென்பொருளை மூடினாள். கூடத்துக் கணினியில் தட்டினாள்.

உடனே திறந்தது.

“பாத்தியா மிளகாய்?” எதிர்மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். “டீச்சரக்கா எடத்தைக் காலி பண்ணதும் இதுவும் காலியாயிருச்சு. பூனை மாதிரி இருந்துக்கிட்டு என்னா வேலை பாத்திருக்காங்க!”

“இனிமே அவங்க இந்தப் பக்கம் எப்படி வருவாங்க?” என்றது இன்னொரு குரல்.

முதுகில் ஒரு கணம் நின்ற அந்தக் கை. வெளியில வாயேன் என்ற அந்தக் குரல்.

ஜன்னலுக்குக் கீழே வாசலைப் பார்த்து ஒரு குடை போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். மிளகாயின் குரலுக்கு இரண்டு தெரு தள்ளிக்கூடக் கேட்கும்.

அவள் வாயைத் திறந்தாள்.

“என்ன?” என்றான் எதிர்மேசைக்காரன்.

“ஒண்ணுமில்ல.”

மடிக்கணினியை யார் கண்ணிலும் படாமல் பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தாள். பையை மேசைக்கு அடியில் வைக்கக் குனிந்தவள், வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.