கெட்டி ஆயில்

பழைய வேன் ஒன்று நீலப்புகை கக்கியது. இன்ஜின் தேய்ந்துவிட்டது, பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும் என்றார் மெக்கானிக். முதலாளி யோசித்தார். கெட்டியான ஆயிலை ஊற்றினால் போதும் என்றார். ஊற்றியதும் புகை நின்றது, சத்தமும் அடங்கியது.

"பார்த்தாயா, எனக்கு ஒன்றுமே இல்லை" என்றது இன்ஜின்.

"தேய்ந்தது எப்படி வளரும்?" என்றது ஹாரன். "நேற்று கழுவினார், இன்று பெயின்ட் அடிக்கிறார். இத்தனை வருஷத்தில் இப்படிக் கொஞ்சியிருக்கிறாரா? எனக்கென்னவோ சரியாகப் படவில்லை."

"உனக்கு எதற்கெடுத்தாலும் சந்தேகம்."

மறுநாள் வந்த புது ஆள், இன்ஜின் ஓடுவதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். முதலாளி வண்டிக்குள் ஏறி, ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பெயர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.



"அவரையும் கழுவத்தான்" என்றது இன்ஜின்.