முதல் வரிசை நாற்காலி

வாராவாரம் ரெஸ்லிங் நடக்கும் அரங்கில், முதல் வரிசையில் ஓர் இரும்பு மடக்கு நாற்காலி இருந்தது. அதன் தலையெழுத்து, ஒவ்வொரு வாரமும் அதே கரடிதான் அதில் வந்து உட்காரும். உட்கார்ந்தால் வாய் ஓயாது.

"எல்லாம் நடிப்பு. அடி மேலயே படல. இவனுங்களுக்கு ஒழுங்கா விழக்கூடத் தெரியல."

"பிடிக்கலைன்னா வீட்ல கிடக்க வேண்டியதுதானே? முதல் ஆளா வந்து என் உயிரை வாங்குறான்," என்று நாற்காலி பக்கத்து நாற்காலியிடம் புலம்பும்.

அன்று எருமைப் பயில்வான் கயிற்றைத் தாண்டிக் குதித்து வந்தது. கரடியை எழுப்பிவிட்டு, நாற்காலியை மடக்கித் தூக்கிக்கொண்டு போய், எதிரே சண்டைக்கு நின்ற ஆட்டுக்கடாவின் முதுகில் ஓங்கி ஒரே போடு போட்டது. நாற்காலியின் பின்னங்கால் வளைந்தே போய்விட்டது.

கரடி கொட்டாவி விட்டது. "அட்டையில செஞ்ச நாற்காலி. சத்தத்தைக் கேட்டாலே தெரியுதே."

சண்டை முடிந்ததும் நாற்காலியைக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே விரித்து வைத்தார்கள்.

"உன் கால் வளைஞ்சிருக்கே, அவன்கிட்ட சொல்லிடலாமா?" என்று பதறியது பக்கத்து நாற்காலி.

"சொன்னா மட்டும் நம்பிடுவானா? இதையும் நடிப்புன்னுதான் சொல்லுவான்."

கரடி பொத்தென்று உட்கார்ந்தது. கால் மடங்கியது. கரடி மல்லாக்க விழுந்து, "ஐயோ, என் இடுப்பு!" என்று அலறியது.

பின்வரிசையில் கடலை கொறித்துக்கொண்டிருந்த நரி சலித்துக்கொண்டது.

"சே, இவனுக்கும் விழத் தெரியல."