சிவப்புக்கு வளையாது

"இது யார் பார்த்த வேலை?"

ஸ்கேல் சார் நாற்றுத் தட்டைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார். அந்த ஆய்வகத்தின் தலைவர் அவர். தண்டை அளக்கிற சின்ன ஸ்கேல் எப்போதும் சட்டைப்பையில் எட்டிப் பார்க்கும். அதனால் அந்தப் பெயர்.

கடுகு நாற்றெல்லாம் நெடுநெடுவென்று வளர்ந்து, ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. வகுப்பில் 'யார் பேசினது?' என்று கேட்டதும் பிள்ளைகள் மொத்தமும் ஒருத்தியைத் திரும்பிப் பார்க்குமே, அப்படி.

கடைசி நாற்காலியில் இருந்த புதுசு போனைக் கைப்பைக்குள் தள்ளினாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அங்கே அவளுக்கு அதுதான் பெயர். வேலை நிரந்தரமா, இல்லை வீட்டுக்கா என்று இந்த மாதக் கடைசியில் சார்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"சிவப்பறைத் தட்டு இது. மங்கலா சிவப்பு விளக்கு, நல்ல குளிர். குட்டையா, நேரா நிக்க வேண்டிய நாற்று. ஏன் இப்படி நெட்டையாச்சு? புதுசு, நீ சொல்லும்மா."

எழுந்தாள். "சிவப்பு வெளிச்சத்தைப் பார்க்கிற புரதம்தான் சார் செடிக்குத் தெர்மாமீட்டரும். குளிர்ல முழிச்சிருந்து தண்டை அடக்கி வைக்கும். சூடானா அசந்துடும். அது அசந்தா தண்டு ஓடிடும்."

"அப்போ?"

"யாரோ ஏசியைக் குறைச்சிருக்காங்க சார்."

"சாய்ஞ்சது?"

"சிவப்புக்கு வளையாது, நீலத்துக்குத்தான் வளையும் சார்." சேருகிற எவரும் முதல் நாளே சார் முன்னால் ஒப்பிக்க வேண்டிய பாடம் அது. டீ கொண்டுவருகிற அண்ணனுக்கே மனப்பாடம்.

"நீல வெளிச்சம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"போன்... மாதிரி ஏதாவது சார்."

தன் வாயாலேயே தன்னைக் காட்டிக் கொடுத்தாகிவிட்டது.

கைக்குழந்தைக்காரி என்றால் வேலையில் தங்க விடமாட்டார்கள் என்று யாரோ சொன்ன பயத்தில், பிள்ளை இருப்பதைப் பற்றியே அவள் அங்கே மூச்சு விடவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் சிவப்பறைக்குள் நழுவுவாள். கதவுக்கு முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, பம்ப் வைத்துப் பால் எடுப்பாள். குளிரில் பால் இறங்காது, ஏசியைக் குறைப்பாள். அப்போதும் அடம்பிடிக்கும், போனில் மகள் சிரிக்கிற வீடியோவைப் போடுவாள். போகும்போது ஏசியைத் திரும்பக் கூட்ட மறந்த நாளும் உண்டு. பாட்டிலில் 'கரைசல், தொடாதே' என்று சீட்டு ஒட்டி, டீ அறை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக இருக்கைக்கு வந்துவிடுவாள்.

இந்தக் கடுகு இப்படிச் சாட்சி சொல்லும் என்று யார் கண்டது?

"சும்மா விடக்கூடாது சார்," என்றாள் சீனியர் அக்கா. ஒரு டம்ளர் இடம் மாறினாலே ஊரைக் கூட்டுகிறவள். "ஜாலியா உட்கார்ந்து போன் பார்த்திருக்காங்க. சாய்ஞ்சிருக்கிற பக்கத்தைப் பாருங்க, சரியா கதவோரம். அந்தக் கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள்கூடக் கிடையாது. யார் வேணா நுழையலாம்னா இப்படித்தான் ஆகும்."

சார் ஸ்கேலை எடுத்து ஒரு தண்டை அளந்தார். இன்னொன்றை அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குமேல் தாங்க முடியாமல் புதுசு வாயைத் திறந்துவிட்டாள்.

"சார், அது வந்து... நான்..."

"உட்காரும்மா. கண்டுபிடிச்சாச்சு. ஏசி பெட்டியில சின்னதா ஒரு சிவப்பு லைட் எரியுதில்ல? நாற்றெல்லாம் அதைப் பார்த்துத்தான் வளைஞ்சிருக்கு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிவப்புக்கா?

மேசையைச் சுற்றிப் பார்த்தாள். இருந்த அத்தனை முனைவர்களும் தலையாட்டினார்கள். "ஆமா சார், சிவப்புதான்," என்றார் ஒருவர். "சிவப்புன்னா வளையத்தானே செய்யும்," என்றார் டீ அண்ணன், டம்ளரை நீட்டியபடி.

"ஏசி சரியில்லை. தட்டையெல்லாம் மாடி அறைக்கு மாத்திடுங்க," என்றார் சார், அவளைப் பார்க்காமல். "சிவப்பறை காலியா கிடக்கட்டும். தாழ்ப்பாள் போட ஆளை வரச் சொல்லியிருக்கேன். உள்பக்கம்தான்."

கூட்டம் கலைந்தது. சீனியர் அக்கா எழுந்து அவள் பக்கமாக வந்தாள். முகத்தில் அதே கடுகடுப்பு. குரல் மட்டும் காதோரம் இறங்கியது.

"அந்தக் கரைசலை ஃப்ரிட்ஜ் கதவுல வைக்காத. திறந்து திறந்து மூடுறதுல சூடு ஏறும். உள்ளே தள்ளி வை, இல்லேன்னா பாப்பாவுக்கு வயித்துக்கு ஆகாது."